முதல் இழுப்பு இலவசம்!

சும்மா கொடுத்தாலும் சிறை: மின் சிகரெட் சட்டம் சொல்வது என்ன?

மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்ரீராம்புரம் தெருக்களில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. மெட்ரோ ரயிலில் இருந்து இறங்கும் குமாஸ்தாக்கள், மார்க்கெட்டில் இருந்து திரும்பும் சுமை தூக்கும் தொழிலாளர்கள், கட்டட வேலை முடித்து வரும் சித்தாள்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். டீக்கடை வாசலில் கூட்டம் நிற்கிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் சிலர் பற்ற வைக்கிறார்கள்.

வட ஆற்காடு, சேலம், தர்மபுரி என்று பல ஊர்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் வாழும் பகுதி இது. அந்தக் காலத்தில் பின்னி மில்லும் மினர்வா மில்லும் ராஜா மில்லும் சங்கு ஊதினால் இந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பு எரியும். அந்த ஆலைகள் இன்று இல்லை. ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. தாத்தா நூல் நூற்ற இடத்தில் பேரன் சினிமா பார்க்கிறான்.

அந்தத் தாத்தா பீடி பிடித்தார். அப்பா சிகரெட் பிடித்தார். இரண்டின் வாடையும் வாசலிலேயே தெரிந்துவிடும். வீட்டில் சண்டையும் வரும். பேரன் கைக்கு வரக்கூடிய பொருளோ வேறு மாதிரியானது. பார்த்தால் பேனா போல இருக்கும். கம்ப்யூட்டரில் செருகும் பென் டிரைவ் போலவும் இருக்கும். ஊதினால் மாம்பழ வாசனை வரும். சட்டையில் வாடை தங்காது. பள்ளிப் பையில் போட்டால் பேனாக்களோடு பேனாவாகக் கிடக்கும்.

அதை அவன் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவதில்லை. முதல் தடவை அது இப்படித்தான் வருகிறது: “ஒரு இழுப்பு இழுத்துப் பார். காசு வேண்டாம்.”

இந்த முதல் இழுப்பைப் பற்றித்தான் உலகத்து அரசாங்கங்கள் பல ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக் கொண்டிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டமும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பதில் பலருக்குத் தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது?

மின் சிகரெட்டில் நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. ஒரு சிறிய பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், ஒரு சிமிழில் கொஞ்சம் திரவம். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். உறிஞ்சும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்தத் திரவத்தில் கிளிசரின் போன்ற பொருள்களும் வாசனைச் சரக்கும் இருக்கும். பெரும்பாலானவற்றில் நிகோடினும் இருக்கும். புகையிலையில் மனிதனைக் கட்டிப் போடும் சரக்கு இந்த நிகோடின்தான்.

சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ம் ஆண்டில் இதை உருவாக்கினார். அவரும் சிகரெட் பிடிப்பவர்; அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சிகரெட்டை விட வழி தேடியவர் கையில் பிறந்த பொருள், சிகரெட்டையே தொடாத பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூச்சோடு உள்ளே போகும் நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்து கொண்டிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளரும் மூளை எதையும் சீக்கிரம் பழகிக் கொள்ளும். பாடத்தையும் பழகும், நிகோடினையும் பழகும். பீடியை முதல் தடவை இழுக்கும் பையனுக்கு இருமல் வரும், கண்ணில் நீர் வரும். அந்த இருமலே பல பேரைக் காப்பாற்றி இருக்கிறது. மாம்பழ வாசனையில் வரும் ஆவி அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதில்லை.

டீ வந்த கதை

இலவசமாகக் கொடுத்துப் பழக்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. டீ பரவிய கதையே அதற்குச் சாட்சி.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் மக்களில் டீ குடித்தவர்கள் மிகச் சிலரே. டீத் தூளுக்கு உள்நாட்டில் சந்தை பிடிக்க, வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தீர்வைக் கமிட்டியும், பிறகு 1937-ல் அந்தப் பெயர் மாறி வந்த இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியமும் ஊர் ஊராக ஆள் அனுப்பின. சந்தையிலும் திருவிழாவிலும் கோப்பைகளில் டீ ஊற்றிச் சும்மா கொடுத்தார்கள். ஆலைகளுக்குள் டீக்கடை வைக்கச் செய்தார்கள். இன்று டீ இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை.

டீயால் யாரும் கெட்டுப் போகவில்லை. ஆனால் வியாபாரிகளுக்கு அந்தக் கதை ஒரு பாடம். முதல் கோப்பைக்குக் காசு வாங்காதவன், பிறகு ஆயுள் முழுவதும் காசு வாங்குவான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் சிகரெட்டை இலவச சாம்பிளாகக் கொடுப்பதை 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தடுத்தார்கள். ஆனால் மின் சிகரெட் அந்த வலையில் அப்போது அகப்படவில்லை. ஊருக்கு ஊர் ‘வேப்’ கடைகள் முளைத்தன. துணிக் கடையில் புடவையை விரித்துக் காட்டுவது போல, அங்கே வாசனைகளை வரிசையாக வைத்து, வருகிறவர்களை இழுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கமாயிற்று. மாம்பழமா, புதினாவா, எது பிடிக்கிறது?

2015-ல் ‘ஜூல்’ என்ற மின் சிகரெட் சந்தைக்கு வந்தது. இளைஞர்களைக் கூட்டி விருந்து நடத்தி அதை அறிமுகப்படுத்தினார்கள். பிறகு பல மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் சேர்ந்து விசாரித்தபோது, விருந்துகளும் இளம் முகங்கள் கொண்ட விளம்பரங்களும் இலவச சாம்பிளும் பிள்ளைகளை இழுத்த வழிகள் என்று குறிப்பிட்டனர். 2022 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஏறக்குறைய 44 கோடி டாலர் கொடுத்து அந்த விவகாரத்தைத் தீர்த்துக் கொள்ள ஒப்புக் கொண்டது. இதற்கிடையே காரியம் மிஞ்சிவிட்டது. 2017-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின் சிகரெட் பிடித்தவர்கள் 100-க்கு சுமார் 12 பேர். 2019-ல் அது 27-ஐத் தாண்டியது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 ஆகஸ்டு 8 முதல் மின் சிகரெட்டுக்கும் இலவச சாம்பிள் தடையை நீட்டியது. வாடிக்கையாளர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். இழுக்கக் கூடாது, சும்மா எடுத்துக் கொண்டு போகவும் கூடாது.

வியாபாரிகள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். இலவசமாகக் கொடுப்பது எங்கள் பொருளைப் பற்றி நாங்கள் பேசுவது போன்றது, பேச்சுரிமையைப் பறிக்கலாமா என்று வாதாடினார்கள்! 2019 டிசம்பர் 10-ந் தேதி வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சரக்கை விலையின்றிக் கைமாற்றுவது ஒரு வியாபாரச் செயல். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பிரிட்டனில் இரண்டு விதமான இலவசம்

பிரிட்டன் கதை இன்னும் விசித்திரமானது. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்கள் மின் சிகரெட்டுக்கு மாறினால் நல்லது என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறை கருதுகிறது. பத்து லட்சம் பேருக்கு அதை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பும் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மின் சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்ததே தவிர, சும்மா கொடுக்கக் கூடாது என்று இல்லை. கடைக்காரர் ஒரு சிறுவனுக்குச் சாம்பிள் கொடுத்தால் அவரைப் பிடிக்க வழி இல்லை! அந்த ஓட்டையை அடைக்கப் போவதாக அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கின் அரசு சொன்னது.

‘விற்பனை’ என்று மட்டும் எழுதிவிட்டு ‘கொடுப்பது’ என்ற சொல்லை மறந்தால் சட்டம் எப்படிச் சந்தி சிரிக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம் சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை

இந்தியாவில் மின் சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18-ந் தேதி பிறப்பிக்கப்பட்டது. பிறகு நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்றின. டிசம்பர் 5-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். அமெரிக்கக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னதற்கு ஐந்து நாட்கள் முன்பு!

தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, எடுத்துச் செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முழுப் பொருளாக இருந்தாலும் குற்றம். உதிரிப் பாகமாக இருந்தாலும் குற்றம். “இதில் நிகோடின் இல்லை, வெறும் வாசனைதான்” என்ற சாக்கும் எடுபடாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மின் சிகரெட்தான் என்று சட்டம் விளக்கம் தருகிறது. மின் ஹூக்காவும் இதில் அடக்கம்.

‘விநியோகம்’ என்றால் என்ன என்று சட்டம் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இலவசமாகவோ வேறு விதமாகவோ சாம்பிள் கொடுப்பதும் விநியோகமே. 2003-ம் ஆண்டின் சிகரெட், புகையிலைப் பொருள்கள் சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது.

ஆகவே பைசா வாங்காமல் ஒரு பையன் கையில் சாம்பிளைக் கொடுக்கும் கடைக்காரருக்கும், நூறு பெட்டி விற்கும் மொத்த வியாபாரிக்கும் ஒரே பிரிவுதான் பாயும். முதல் தடவை பிடிபட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கர்நாடகம் முந்திக் கொண்டது

மத்திய அரசுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2016 ஜூன் மாதத்தில் கர்நாடக அரசு மின் சிகரெட்டுக்குத் தடை போட்டது என்பது குறிப்பிடத்தக்கது. தமிழ்நாடு 2018-ல் தடை செய்தது. ஆகவே ‘ஊரில் கிடைக்கிறது, இங்கே கிடைக்கவில்லை’ என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அதன் பிறகும் கர்நாடகம் சும்மா இருக்கவில்லை. 2024-ல் சட்டசபையில் நிறைவேறிய திருத்தச் சட்டத்துக்கு 2025 மே மாதம் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. அதன்படி இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. ஹூக்கா பார் நடத்தினால் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் புகை பிடித்தால் அபராதம் 200 ரூபாயில் இருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. சிகரெட்டை ஒன்று இரண்டாக உதிரியாக விற்கவும் கூடாது.

உதிரி சிகரெட்டுக்கும் இலவச சாம்பிளுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருங்கிய உறவு உண்டு. முழுப் பாக்கெட் வாங்கக் கையில் பணம் இல்லாத பையன், ஒன்றை மட்டும் வாங்கிப் பார்க்கிறான். அது ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சாம்பிள்! உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இந்த இரண்டையும் ஒரே பிரிவில்தான் பேசுகிறது. புகையிலைப் பொருள்களை இலவசமாகக் கொடுப்பதைத் தடுக்க வேண்டும். உதிரியாக விற்பதையும் தடுக்க முயல வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. இந்தியா 2004-ல் அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது.

பீடி மட்டும் இருக்கலாமா?

டீக்கடை பெஞ்சில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். “பீடி விற்கலாம், சிகரெட் விற்கலாம், புகையே இல்லாத இது மட்டும் கூடாதா?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிகரெட்டும் பீடியும் மின் சிகரெட்டை விடக் கெடுதல் குறைந்தவை என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். சட்டத்தை எதிர்த்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். சிகரெட்டை விட நினைப்பவனுக்கு ஒரு கதவை அடைத்துவிட்டு, சிகரெட் கடையை மட்டும் திறந்து வைக்கலாமா என்று கேட்டார்கள்.

அரசாங்கத்தின் பதில் வேறு. 2016-17-ல் நடந்த நாடு தழுவிய புகையிலைக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு சுமார் 29 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். மின் சிகரெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களோ 100-க்கு மூன்று பேர்தான். பயன்படுத்தியவர்கள் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர். வேர் விட்ட மரத்தை ஒரே நாளில் வெட்ட முடியாது. முளையைக் கிள்ளலாம் என்பது அரசின் வாதம். முழுத் தடையே நல்லது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2019 மே மாதம் பரிந்துரை செய்தது.

முளை கிள்ளப்பட்டதா? முற்றிலும் இல்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த பொருள் கல்லாப் பெட்டிக்குக் கீழே போய்விட்டது. செல்போனில் செய்தி அனுப்பினால் பார்சலாக வருகிறது. ஆகவே சட்டம் இருக்கிறது என்று பெற்றோர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

மாட்டிக் கொள்வது யார்?

உழைத்துப் பிழைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சாம்பிளைக் கையில் கொடுப்பவர் பெரும்பாலும் முதலாளியாக இருப்பதில்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் கடைப் பையன். பார்சலைக் கொண்டு போவது கம்பெனிக்காரர் இல்லை. இரண்டு சக்கர வண்டியில் ஓடும் டெலிவரி ஆள். சரக்கு ஒளிந்திருப்பது மொத்த வியாபாரியின் பங்களாவிலும் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை அறையில்.

எடுத்துச் செல்வதும் விநியோகிப்பதும் சட்டத்தில் விற்பதற்குச் சமமான குற்றம். தன் பொறுப்பில் உள்ள இடத்தில் தெரிந்தே சரக்கை வைக்க அனுமதித்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரிகளும் சோதனை போடலாம்.

“முதலாளி சொன்னார், கொடுத்தேன்” என்று சொல்வதால் வழக்கு இல்லாமல் போகாது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை, ஊருக்கு மணியார்டர், பிள்ளையின் ஃபீஸ் என்று கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்பது எத்தனை ஆண்டுச் சேமிப்பு?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமாவும் சித்தப்பாவும் ஆசையாக வாங்கி வருவதும் ‘இறக்குமதி’யில் சேரும். விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். மின் சிகரெட் பிடிப்பவருக்கு என்று தனித் தண்டனை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் எந்த வடிவிலும் எந்த அளவிலும் அதைக் கையில் வைத்திருப்பது சட்டத்தை மீறுவதே என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் விளக்கம் தந்தது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பையனின் பையில் அறிமுகமில்லாத பேனா ஒன்று இருந்தால், எழுதுகிறதா என்று பாருங்கள். எழுதாத பேனாவுக்கு சார்ஜர் எதற்கு? மூடிய அறையில் திடீரென்று பழ வாசனை வந்தால், வீட்டில் பழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிப்பதால் பயன் இல்லை. ஒளிக்கக் கற்றுக் கொள்வான். “யார் கொடுத்தார்கள்?” என்று நிதானமாகக் கேட்பதே முதல் வேலை. பெரும்பாலும் ஒரு சிநேகிதன் பெயர்தான் வரும். அவனுக்குக் கொடுத்தவன் யார் என்று கேட்டால் கடை வரும். அந்தக் கடையைப் பற்றிப் போலீசில் புகார் கொடுக்கலாம். இணையம் வழியாகப் புகார் செய்யவும் மத்திய அரசு 2023-ல் ஏற்பாடு செய்தது.

பழக்கம் பிடித்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். தென் மாநிலத்தவர்களுக்கு அந்தச் சேவையை நடத்துவது நம் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை. தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டின் மேல் பயங்கரப் படத்தோடு அச்சிட்டிருக்கும் எண்ணும் இதுதான். பீடி பிடிக்கும் தாத்தாவும் அதே எண்ணில் பேசலாம்.

ஆலைச் சங்குக்கு எழுந்து ஓடிய தலைமுறை, தன் பிள்ளைகள் பேனா பிடிக்க வேண்டும் என்றுதான் பாடுபட்டது. ஸ்ரீராம்புரத்து வீடுகளில் அந்தக் கனவு பாதி நிறைவேறி இருக்கிறது. பிள்ளை கையில் இருப்பது எழுதும் பேனாதானா என்று பார்த்துக் கொள்ளும் பொறுப்பு மீதி இருக்கிறது. முதல் இழுப்புக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். அந்தக் கணக்கு பிறகு வீட்டுக்கு வரும்.